தரிப்பு

பண்டங்கள் வந்து தரித்த இடமாதலால் எங்கள் ஊருக்குப் பண்டத்தரிப்பு எனப் பெயர் வந்தது என்று ஊரிலுள்ள முதியோர் கூறுவர். இடப்பெயராய்வாளர் இதனை ஏற்பரோ மறுப்பரோ, எனக்கு இந்த விளக்கத்தின் மீது ஒரு தனிப்பற்று உண்டு. தரித்தல் என்ற அழகிய சொல்லை நாம் இன்று பேருந்துக்கும் முச்சக்கரவண்டிக்கும் மட்டுமே ஒதுக்கிவிட்டோம். சுமையோடு செல்லும் வண்டிக்கு ஒரு தரிப்பு வேண்டுமாயின், சுமையோடு செல்லும் மனத்துக்கும் அது வேண்டாமோ?

கடந்த மூன்று ஆண்டுகளாக நான் காலைப்பொழுதில் ஏறக்குறையக் கால்மணி நேரம் தரித்திருந்து, ஒரு கொப்பியிற் படம் கீறி வருகின்றேன். படத்தின் அருகே தேதியும் ஓரிரு வரிகளும் இருக்கும். இதனைச் சித்திர நாட்குறிப்பு என்று அழைக்கலாம். ஓவியக்கலையில் எனக்குப் பயிற்சி இல்லை. பயிலும் நோக்கமும் இல்லை. அவ்வாறிருக்க இதைப்பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. இப்பழக்கம் முதலில் என்னிடம் தோற்றது; பின்னர் வேறொரு வழியாக வந்து நிலைத்தது; ஈற்றில் நான் எதிர்பாராத ஒன்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து வீட்டிலிருந்தேன். அந்நாட்கள் எவ்வாறு இருந்தன என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விரித்துக் கூறவேண்டியதில்லை. மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டது. சமையல் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. என் கைத்தொலைபேசி பாதிநாள் உயிரற்றுக் கிடந்தது. பரீட்சைப் பெறுபேறு எப்போது வரும், வந்தால் எவ்வாறிருக்கும் என்ற கவலை ஒருபுறம். ஒன்றும் செய்யாதிருக்கின்றேனே என்ற குற்றவுணர்வு மறுபுறம். விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும். விழித்ததும் நெஞ்சிற் பாரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்போதுதான் நாள்தோறும் படம் கீறுவது என்று முடிவு செய்தேன். சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண நகருக்குச் சென்று, தடித்த வெண்தாள்கள் கொண்ட வரைதற் கொப்பி ஒன்றும் நீர்வர்ணப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். ஐந்து மணிக்கு எழுவது, ஆறு மணிக்குள் ஒரு படத்தை முடிப்பது, ஒரு நாளும் தவறாதிருப்பது என்று சட்டங்களும் இயற்றினேன். முதல்நாள் முற்றத்து வேம்பு. இரண்டாம் நாள் கிணற்றுக்கட்டு. மூன்றாம் நாள் கீறியதை அழித்தழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது. ஒன்பதாம் நாள் காலையில் அந்த வெண்தாளைப் பார்த்தபோது பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் பார்ப்பதுபோல் இருந்தது. கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அத்துடன் அம்முயற்சி முடிந்தது.

ஏன் முடிந்தது என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். தாள் விலை கூடியது. அதனைக் கெடுத்துவிடக் கூடாது என்ற அச்சம் இருந்தது. அதனிலும் பெரிய காரணம் வேறொன்று. பாடசாலையிற் சித்திரத்தை நாம் ஒரு பாடமாகக் கற்கின்றோம். அங்கே படம் என்றால் புள்ளி உண்டு. புள்ளி என்றால் கூடியவர், குறைந்தவர் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ‘எனக்குக் கீற வராது’ என்று பெரும்பாலான பிள்ளைகள் தம்மைத் தாமே தீர்ப்பிட்டுக்கொள்கின்றனர். அவ்வாறு தீர்ப்பிடப்பட்டவர்களுள் நானும் ஒருவர். புள்ளியிடுபவர் பாடசாலையோடு நின்றுவிடவில்லை. என் தோளின் பின்னால் வந்து நின்று, வேம்பின் கிளை சரியில்லை, கிணற்றுக்கட்டு வட்டமாக இல்லை என்று விடியற்காலையிலும் சிவப்புப் பேனையால் எழுதிக்கொண்டிருந்தார். மனத்தை ஆறவைப்பதற்கென்று தொடங்கிய வேலை மற்றொரு பரீட்சையாயிற்று.

எனக்கு வழிகாட்டியவர் எவருமல்லர், என் அம்மம்மாவே. எழுபத்தைந்து வயது கடந்தும் அவர் விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டுவதை விடவில்லை. எங்களுடையது மணல் முற்றம். ஈர்க்குமாற்றை வலமும் இடமுமாக வீசியபடி அவர் பின்னோக்கி நடப்பார். ஆதலால் அவருடைய காலடிகூட அதிற் பதிவதில்லை. கூட்டி முடித்ததும் மணலிற் பிறை பிறையாகக் கோடுகள் அடுக்கடுக்காக விழுந்து கிடக்கும். ஞாயிற்றின் முதற்கதிர் சாய்வாகப் படும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் உண்டாகும். அரைமணி நேரத்தில் வேப்பிலைகள் உதிரும், கோழி கிளறும், தம்பியின் சைக்கிள் குறுக்கே ஓடும். கோலம் கலையும். அம்மம்மா அதனைத் திரும்பியும் பாரார்.

ஒருநாள் கேட்டேன்: “என்னத்துக்கு அம்மம்மா இப்பிடிக் கூட்டுறியள்? இப்ப இலை விழப்போகுதெல்லோ?”

“விழட்டும் பிள்ளை. நாளைக்கும் விடியுந்தானே” என்றார்.

தமிழ்நாட்டிலே பெண்கள் வாசலில் நீர் தெளித்து நாள்தோறும் இடும் மாக்கோலமும் இத்தகையதே. காலையில் இட்டது மாலைக்குள் மிதிபட்டு மறைகின்றது. மறைந்ததற்காக இட்டவர் வருந்துவதில்லை. எங்கள் யாழ்ப்பாணத்திற் கோலம் பெரும்பாலும் பொங்கலுக்கும் மங்கல நாட்களுக்கும் உரியதாயினும், கூட்டிய முற்றம் நாள்தோறும் இடப்படும் கோலமேயாகும். இவற்றைப் போன்றதொரு செய்தியை யப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் வரலாற்றிலும் பின்னர் வாசித்தேன். 1760இற் பிறந்த அவர், எண்பது வயதைக் கடந்த பின்னர் 1842, 1843ஆம் ஆண்டுகளிற் காலைதோறும் ஒரு சிங்கத்தைத் தூரிகையால் வரைந்து வந்தார். தீமை அணுகாதிருக்கும் பொருட்டு அவர் மேற்கொண்ட வழிபாடு போன்ற பழக்கம் அது. வரைந்த தாள்களை அவர் வெளியே எறிந்துவிட, மகளே அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார் என்பர். அவற்றுள் இருநூறுக்கு மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன. உலகம் போற்றிய ஓவியர் காலையில் வரைந்தது உலகத்துக்காக அன்று. என் அம்மம்மா ஹொக்குசாயை அறியார். ஆயினும் இருவரும் ஒரே நெறியினர் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆகவே மீண்டும் தொடங்கினேன். இம்முறை கடையில் எதையும் வாங்கவில்லை. வாங்கவும் இயலாது, நாட்டிற் கடதாசித் தட்டுப்பாடு நிலவியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே கடதாசி இன்மையாற் பிற்போடப்பட்டன. உயர்தர வகுப்பில் நான் செய்து பழகிய கடந்தகால வினாத்தாள்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றின் வெறுமையான பின்பக்கங்களை உள்ளே மடித்து, சாக்கூசியால் தைத்து ஒரு கொப்பி ஆக்கினேன். என்னை அச்சுறுத்திய வினாத்தாள்கள் முதன்முறையாக எனக்கு உதவின. அத்தாள் கெட்டுவிடும் என்ற பயம் எவருக்கும் வராது. அது ஏற்கெனவே கெட்ட தாள்.

சட்டங்களையும் மாற்றினேன். ஐந்து மணி என்ற கணக்கை விட்டு, காலைத் தேநீரோடு இவ்வேலையைச் சேர்த்துக் கட்டினேன். தேநீர் குடிப்பதை எவரும் மறப்பதில்லை. அதனோடு கட்டப்பட்டதும் மறக்கப்படுவதில்லை. விறாந்தைக் குந்தில் அமர்ந்து, பனங்கட்டியைக் கடித்துத் தேநீரை உறிஞ்சியபடி, கண்ணுக்கு எதிரே எது படுகின்றதோ அதனைக் கீறுவேன். பேணி வெறுமையானால் படமும் முடிந்தது. பாதியில் நின்றாலும் அது முடிந்ததே. அழிறப்பரை ஒதுக்கிவிட்டேன். பிழையான கோட்டின் அருகே மற்றொரு கோடு போடலாம். முந்தியது தன் இடத்திலேயே இருக்கட்டும். வர்ணம் வேண்டுமாயின் பேணியின் அடியில் எஞ்சிய சாயம் உண்டு. அடுப்படியில் மஞ்சள் உண்டு. தோட்டத்துச் செம்மண்ணைக் குழைத்தால் காவிநிறம் வரும். முகநூலில் இடுவதில்லை. ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டு படம் கீறிக் கடன் தீர்ப்பதும் இல்லை. தவறிய நாள் தவறியதே. கடன் சேரும் பழக்கத்தைக் கண்டால் மனம் ஒளிந்து ஓடும் என்பதை முதல் முயற்சியே கற்பித்திருந்தது.

படங்கள் அழகாயிருந்தன என்று கூறமாட்டேன். ஆனால் கண் மாறியது. எங்கள் படலையை நான் ஆயிரம் முறை திறந்திருப்பேன். அதன் கொளுக்கி வலப்பக்கத்தில் இருப்பதாக இரண்டு நாட்கள் கீறினேன். மூன்றாம் நாள்தான் அது இடப்பக்கத்தில் இருப்பதைக் கண்டேன். கைக்குத் தெரிந்திருந்தது, கண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை. மாதகற் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரி, தராசைத் தூக்குமுன் ஒருகணம் மூச்சை அடக்குவதைக் கண்டேன். வேலியோரக் கிளுவையில் மழைக்கு முன்னரும் பின்னரும் பச்சை வேறுபடுவதைக் கண்டேன். பித்தளை மூக்குப்பேணியின் வயிற்றில் எங்கள் விறாந்தை முழுவதும் வளைந்து தெரிவதைக் கண்டேன். நெஞ்சின் பாரம் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்பது பொய்யாகும். ஆனால் கீறும் வேளையில் அது சற்றே விலகி அமர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியிற் பெறுபேறு வந்தபோது என் கொப்பி பாதி நிறைந்திருந்தது. அந்த நாளுக்குரிய பக்கத்தில் ஒரு பேணி மட்டுமே இருக்கின்றது, கோடுகள் நடுங்கியிருக்கின்றன.

மறு ஆண்டு பேராதனைக்கு வந்தேன். விடுதி அறையிற் காலைத் தேநீரும் ஒரு கொப்பியும் தொடர்ந்தன. ஹந்தானை மலைமேல் இறங்கும் மூடுபனியைக் கீறுவது எளிது. தாளில் ஒன்றும் கீறாது விட்டாற் போதும். பரீட்சைக் காலங்களில் வாரக்கணக்கிலே தவறியதும் உண்டு. ஆயினும் பழக்கம் அறுந்துபோகவில்லை. பேணியைக் கண்டதும் கை பென்சிலைத் தேடியது.

2024ஆம் ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது நிகழ்ந்ததையே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகின்றேன். ஒருநாட் காலை, கூட்டிய முற்றத்தைக் கீறிக்கொண்டிருந்தேன். அம்மம்மா ஈர்க்குமாற்றைச் சுவரிற் சாய்த்துவிட்டு அருகே வந்து அமர்ந்தார். கொப்பியைச் சற்று நேரம் பார்த்தார்.

“இதில மயிலிட்டி வீட்டையும் கீறலாமோ?” என்றார்.

அம்மம்மாவின் சொந்த ஊர் மயிலிட்டி. 1990 யூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கையில் எடுத்தவற்றோடு பண்டத்தரிப்பில் உறவினர் வளவுக்கு வந்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மீண்டும் புறப்பட்டு, மறு ஆண்டு திரும்பினார்கள். அந்த இரண்டாவது பயணத்தில் நிழற்படத் தொகுப்பும் தொலைந்தது. மயிலிட்டியின் ஒரு பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபின், அம்மம்மாவை அழைத்துச் சென்று காணியைப் பார்த்தோம். வீடு இல்லை, அத்திவாரம் இல்லை, எல்லை வேலி இல்லை, பற்றை வளர்ந்திருந்தது. அம்மம்மா அன்று ஒன்றும் பேசவில்லை. அதன் பின்னரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

“நான் அந்த வீட்டைப் பாக்கேல்லையே அம்மம்மா. நீங்கள்தான் கீறவேணும்” என்று பென்சிலை நீட்டினேன். எனக்குக் கீறத் தெரியுமோ என்றார். எனக்கும் தெரியாது என்று என் கொப்பியின் பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். நெளிந்த பேணிகளையும் கோணற் கோழிகளையும் கண்டு சிரித்தார். பிறகு பென்சிலை வாங்கினார்.

ஒரு சதுரம். அதனுள் இன்னொரு சதுரம். “இது சாமியறை.” ஒரு நீண்ட கோடு. “இது விறாந்தை.” சிறு வட்டம். “இது கிணறு.” கிணற்றை வீட்டின் பின்னே, கடற்பக்கமாகப் போட்டார். அடுக்களையிலிருந்து வந்த அம்மா எட்டிப் பார்த்து, “கிணறு முன்பக்கம் எல்லோ அம்மா, தென்னைக்குக் கிட்ட?” என்றார். இல்லை என்றார் அம்மம்மா. இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கியது. அந்த வீட்டில் அம்மம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். அம்மா அங்கே பிறந்து வளர்ந்தவர். இருவரும் நாள்தோறும் நீர் அள்ளிய கிணறு அது. அது எந்தப் பக்கம் இருந்தது என்பதைத் தீர்த்துவைக்க உலகில் ஒரு சாட்சியும் இல்லை. படலைக் கொளுக்கியை நான் மூன்றாம் நாள் எழுந்து பார்த்துத் திருத்தினேன். அவர்கள் எழுந்து சென்று பார்ப்பதற்குக் கிணறு இல்லை.

பழைய காலத்தில் எங்கள் ஊரை எவரும் படமாக்கவில்லை என்று கூற இயலாது. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் இருந்த ஒல்லாந்த மதகுரு பிலிப்பஸ் பால்டேயஸ், 1672இல் ஆம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்களைச் சேர்த்தார். பண்டத்தரிப்புத் தேவாலயமும் அவற்றுள் ஒன்று. ஆட்சி செய்தவர்கள் தேவாலயத்தைப் படமாக்கினர். காணிகளைத் தோம்பிற் பதிந்தனர். அங்கே வாழ்ந்தோர் காலையில் எந்தப் பக்கம் நீர் அள்ளினர் என்பதை அவர்கள் குறிக்கவில்லை. குறிக்கவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஓவியத்துக்கு மரபு இல்லாமலும் இல்லை. எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். பின்வந்த ஓவியர் அ. மாற்கு மாணவர் பலரை உருவாக்கினார். ஆனால் 1995 இடப்பெயர்வில் அவர் தம் ஓவியங்கள் பலவற்றை இழந்தார். தேர்ந்த ஓவியரின் படைப்புக்களே தப்பவில்லையாயின், எவரும் வரையாத கிணறு எங்கே தப்பும்?

பேராதனைக்குத் திரும்பிய பின்னர், ஓவியர் தா. சனாதனன் 2011இல் ஆக்கிய ‘முடிவுறாத தோம்பு’ என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தலைப்புடைய நூலை அறிந்தேன். இடம்பெயர்ந்தோர் தம் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து தம் கையாலேயே கீறிக் கொடுக்க, அவற்றை அடியாகக் கொண்டு எழுந்தது அந்நூல். அம்மம்மாவின் கோணற் சதுரங்களுக்கு நாடெங்கும் உடன்பிறப்புக்கள் இருப்பதை அதனால் உணர்ந்தேன்.

இதிலிருந்து, வரலாற்றைப் பதிவு செய்யும் பெருங்கடமையாக நாள்தோறும் வரையுங்கள் என்று அறிவுரை கூறப்போகின்றேன் என்று எண்ணவேண்டாம். கடமை என்று தொடங்கியிருந்தால் என் இரண்டாவது கொப்பியும் ஒன்பதாம் நாள் லாச்சிக்குள் சென்றிருக்கும். அம்மம்மா பென்சிலைக் கையில் எடுத்தது என் படங்கள் சிறந்திருந்தமையால் அன்று. அவை சிரிக்கத்தக்கனவாக இருந்தமையாலேயே. நன்றாகக் கீறிய கொப்பி ஒன்றை நீட்டியிருந்தால், தம்மால் இயலாதென்று அவர் எழுந்து சென்றிருப்பார். எளிதாக இருந்தமையாற் பழக்கம் நிலைத்தது. நிலைத்தமையால் அந்தக் காலையில் கொப்பி விரிந்திருந்தது. விரிந்திருந்தமையால் முப்பத்து நான்கு ஆண்டு மௌனம் ஒரு சிறு வட்டமாகத் தாளில் இறங்கியது. காலைக் கால்மணி நேரத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவே.

மறுநாட் காலையில் அம்மம்மா தாமாகவே வந்து பென்சிலைக் கேட்டார். அதே வீட்டை மீண்டும் கீறினார். இம்முறை கிணறு முன்பக்கத்தில், தென்னைக்கு அருகே இருந்தது. “கொம்மா சொன்னது சரிபோல கிடக்கு” என்றார். சற்று நேரம் கழித்து, “எண்டாலும் பின்னுக்கும் தண்ணி அள்ளின மாதிரித்தான் இருக்கு” என்றார்.

இரண்டு படங்களையும் தேதியிட்டு வைத்திருக்கின்றேன். எது சரி என்று எழுதவில்லை. விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் விறாந்தைக் குந்தில் இப்போது இரண்டு பேணிகள், இரண்டு பென்சில்கள். முற்றம் கூட்டி முடிந்ததும் அம்மம்மா வந்து அமர்கின்றார். சிலநாள் கீறுகின்றார், சிலநாள் தேநீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து செல்கின்றார்.